எர்மீன் திட்டிய ஒயின்

"சே! என்னடா இது, உப்பு கரிக்குது? பிழியும்போது அழுதியா?"

எர்மீன் கோப்பையை டக்கென்று மேசையில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்து, குளோவிஸின் ஒயின் கடையில் ஊரே கூடியிருந்த நேரம். பசீலின் முகம் சுண்டிப் போனது.

அவன் போட்ட முதல் ஒயின் அது. தபால்காரர் மகனான அவனுக்குப் பரம்பரைத் தோட்டம் ஏது? காடு மண்டிக் கிடந்த ஒரு மலைச்சரிவை வாங்கி, இடிந்த கல்சுவர்களைக் கையாலேயே எடுத்துக் கட்டி, திராட்சைக் கொடி நட்டு வளர்த்திருந்தான். இது விற்காவிட்டால், ஆற்றங்கரை அலுமினியத் தொழிற்சாலைக்கே திரும்ப வேண்டியதுதான்.

"அர்வீன் திராட்சைன்னா கடைசியில கொஞ்சம் உப்பு தட்டும்தானே அக்கா? அதோட குணமே அதுதானே?" என்றான் மெதுவாக.

"குணத்தை எனக்கே சொல்லித் தர்றியா? என் வீட்டு அர்வீனுக்கும்தான் குணம் இருக்கு. மரியாதையா உள்ளே வந்து உட்காரும். உன்னோடது வாசல்லயே சண்டைக்கு நிக்குது!"

கடை சிரித்தது. பசீலும் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

வலே மலைகளில் எர்மீன் வீட்டு ஒயினுக்கு இருந்த பெயர் சாதாரணமானதல்ல. பசீல் வாங்கிய அந்தச் சரிவின் மேல் அவளுக்கும் ஒரு கண் இருந்தது ஊரறிந்த சங்கதி.

"வேற ஒண்ணுமில்ல, வயித்தெரிச்சல்" என்று காதைக் கடித்துக்கொண்டார்கள்.

அவள் அத்தோடு விட்டாளா? தீயணைப்புப் படை விருந்தில், "எலுமிச்சம்பழமே அந்த ஒயினைப் பார்த்தா 'அண்ணே'ன்னு கும்பிடும்" என்றாள். ஒரு கல்யாணத்தில், "அதை ஊத்தாதீங்கடா, மாப்பிள்ளை மலையேறி ஓடிடுவான்" என்றாள்.

பசீலுக்குத் தூக்கம் போயிற்று. தொழிற்சாலை மேற்பார்வையாளரிடம் பேசி, பழைய வேலை காலியாக இருக்கிறதா என்றுகூட விசாரித்தான்.

அந்த வாரம்தான் ரொட்டிக்கடைக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

"பசீல், அந்த அழுத ஒயின் ஒரு பாட்டில் கொடு. எர்மீனுக்கே வயிறு எரியுதுன்னா, அதுல என்னதான் இருக்குன்னு பார்த்துடணும்."

மறுநாள் அவரே ஒரு பெட்டி கேட்டு வந்தார், மச்சானையும் கூட்டிக்கொண்டு.

உருகிய சீஸும் வெந்த உருளைக்கிழங்குமாக வைத்துக்கொண்டு குடித்துப் பார்த்த குளோவிஸ் கண்ணை மூடிக்கொண்டார். "முதல்ல கடிக்குதுப்பா. அப்புறம் கொஞ்சுது. போகும்போது நாக்கு நுனியில ஒரு சிட்டிகை உப்பை வெச்சிட்டுப் போகுது. அடுத்த வாய்க்கு அதுவே கையைப் பிடிச்சு இழுக்குதே!"

பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பனி கொட்டத் தொடங்குவதற்குள் நிலவறை காலி.

கடைசியாக ஒரே ஒரு பாட்டில் மிஞ்சியது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, நேராக எர்மீன் வீட்டுக்கு நடந்தான் பசீல். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும்.

கதவைத் திறந்தது அவள் கணவர் ஓனொரே.

"வா வா, சாப்பிடற நேரத்துக்குச் சரியா வந்துட்டே."

உள்ளே மேசையைச் சுற்றிக் குடும்பம் முழுதும் உட்கார்ந்திருந்தது. எல்லோருடைய கோப்பையிலும் வெள்ளை ஒயின். நடுவில் நின்ற மூன்று பாட்டில்களிலும் ஒட்டியிருந்தது பசீலின் பெயர்.



"இவதான் குளோவிஸ் மூலமா ரெண்டு பெட்டி வாங்கிட்டா" என்று ஓனொரே கண்ணடித்தார். "எங்க ஒயினை இந்த வீட்டுல இப்ப யாரும் தொடறதில்ல."

"நீங்க வாயை மூடுங்க" என்றாள் எர்மீன். அவள் காது சிவந்துவிட்டது.

"அப்புறம் ஏன்க்கா ஊரெல்லாம் என்னை அப்படித் திட்டினீங்க?" என்றான் பசீல்.

"போன வருஷம் என் தங்கச்சி மகன் நல்லாத்தான் போட்டான். ஊரெல்லாம் புகழ்ந்தேன். 'சொந்தக்காரனைத் தூக்கி விடறா'ன்னு ஒருத்தன்கூடத் தொடலை. இந்த ஊர்ல நான் பாராட்டினா எவன் நம்பறான்? நான் பொறாமைப்படறேன்னு தெரிஞ்சாத்தான் ஓடி வருவாங்க."

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்காரு. அடுத்த வருஷமும் இதே மாதிரி போடு. சுமாரா மட்டும் போட்டேன்னு வெச்சுக்கோ... ஊர் முன்னாடி புகழ்ந்து தள்ளிடுவேன், ஜாக்கிரதை!"