ஒன்றேகால் மில்லிமீட்டருக்கு ஒரு குறி

மின்சுற்றுப் பலகைகளை வரையும் மென்பொருளின் குறி நூலகம் ஒன்றில், ஒவ்வொரு அளவுத் துளைக்கும் தனித்தனிக் குறி இருந்தது. ஒரு மில்லிமீட்டர் துளைக்குக் கூட்டல் குறி, மூன்று மில்லிமீட்டர் துளைக்கு முக்கோணம். பட்டறையில் துளை போடும் இசக்கியம்மாள் அந்தக் குறிகளைப் பார்த்துத்தான் துளைக்கருவியின் பிட்டை மாற்றுவாள்.

ஒருநாள் ஒன்றேகால் மில்லிமீட்டர் துளை புதிதாக வந்து சேர்ந்தது. அதற்குக் குறி இல்லை.

"அக்கா, உங்க குறியிலேயே நானும் இருந்துக்கறேனே. கால் மில்லிமீட்டர்தானே வித்தியாசம்?" என்று கூட்டல் குறியிடம் கேட்டது.

"முடியாதுப்பா. உன்னையும் ஒரு மில்லிமீட்டர்னு நினைச்சுத் துளைச்சிடுவாங்க."

"இடம் கொடுத்தா என்ன குறைஞ்சா போயிடுவே?" என்று முக்கோணம் சலித்துக்கொண்டது. "இன்னைக்கே வரைபடம் பட்டறைக்குப் போகணும்."

"போகாது. இவனுக்குக் குறி கிடைக்காம நான் விடமாட்டேன்."

கூட்டல் குறி புதிய துளையை அழைத்துக்கொண்டு பட்டியல் முழுக்கத் தேடியது. சதுரம், வட்டம், நட்சத்திரம் எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே ஒரு துளை இருந்தது. புதிய துளையின் முகம் வாடிவிட்டது.

கூட்டல் குறி சற்று யோசித்தது. பிறகு தன்னைப் போலவே ஒரு நகல் எடுத்து, அதைப் பிடித்துச் சாய்த்தது. பெருக்கல் குறி ஒன்று எழுந்து நின்றது. அதற்கு நேராக 'ஒன்றேகால்' என்று பதிவாகும்வரை கூட்டல் குறி அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

பட்டறையில் இசக்கியம்மாள் புதுக் குறியைக் கண்டதும் பிட்டை மாற்றினாள். பிறகு, தடித்த கால்களுடைய மின்தேக்கி ஒன்று அந்தப் புதிய துளைக்குள் கால்விட்டுப் பலகையில் மெல்ல இறங்கியது.

"அளவெடுத்த மாதிரி இருக்கே! யாரோட இடம் இது?" என்று கேட்டது.

"என்னோடது," என்றது துளை.