நீட்டிய கை

புலிகளைப் படமெடுக்க மரத்தில் கட்டிவைத்த கேமராவில்தான் தமயந்தி கடைசியாக அகப்பட்டாள்.

அந்தத் தேசியப் பூங்காவுக்குக் கணவனும் மனைவியுமாகத்தான் வந்திருந்தார்கள். விடிந்ததும் விடுதி வாசலில் நின்று, "வாங்களேன், கொஞ்ச தூரம் காலாற நடந்துட்டு வருவோம்" என்று கூப்பிட்டாள். ஞானசேகரன் போர்வைக்குள்ளிருந்தே, "நீ போயிட்டு வா" என்றான். போனவள்தான். சோலைக்காட்டைச் சல்லடை போட்டுச் சலித்தும் ஒற்றைச் செருப்புகூடக் கிடைக்கவில்லை. கிடைத்தது அந்தப் படம் மட்டும்தான். அதில் அவள் சிரித்தபடி, பக்கத்தில் வருகிறவரைப் பிடித்துக்கொள்ளப்போவதுபோல வலக்கையை நீட்டியிருந்தாள். நீட்டிய விரல்களோடு படத்தின் விளிம்பு முடிந்துபோயிருந்தது.

"அங்க யாருப்பா நின்னது?" ஒரு வருடம் கழித்து, அதே மரத்தடியில் கேட்டான் ஞானசேகரன்.

வனக்காவலர் கேத்தன் தலையைச் சொறிந்தார். "யாருமில்ல சார். அம்மா கிளையை ஒதுக்கியிருப்பாங்க."

"எந்தக் கிளை?"

கேத்தன் அண்ணாந்து பார்த்தார். கைக்கெட்டும் உயரத்தில் ஓர் இலைகூட இல்லை.

"போன மழையில ஒடிஞ்சிருச்சு சார்."

ஞானசேகரன், அவள் விரல்கள் எட்டியிருக்கக்கூடிய இடத்தில் போய் நின்று, இடக்கையை நீட்டினான்.

"அங்க நின்னா படத்துல நீங்க விழமாட்டீங்க சார். கை மட்டும்தான் விழும்."

"அது போதும்பா."

கேமராவின் சிவப்பு விளக்கு ஒருமுறை மின்னி அணைந்தது. அவன் கையை மடக்கவில்லை.