ஐந்தாவது வயர்

சுவருக்குள் இருந்த பைப்பில் நான்கு வயர்கள்தான் இருக்க வேண்டும். ஐந்து இருந்தன.

எலக்ட்ரீஷியன் சுகுணன் மறுபடியும் எண்ணிப் பார்த்தான். ஐந்துதான்.

லோனப்பன் வீட்டில் வயரிங் மாற்றும் வேலை. மகள் ஜின்சிக்குச் சாலக்குடியில் மாப்பிள்ளை பார்த்து, நிச்சயத்துக்காக இப்போதுதான் பெயின்ட் அடித்திருந்தார். சுவரை உடைக்கவே கூடாது, பழைய பைப்பிலேயே புது வயரை விட்டுவிடு என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

விடலாம், ஆனால் ஒற்றை ஆள் வேலை இல்லை என்றான் சுகுணன். பழைய வயரின் நுனியில் புதியதைக் கட்டி, ஒரு பக்கம் ஒருத்தர் தள்ள வேண்டும், மறுபக்கம் ஒருத்தர் இழுக்க வேண்டும். தள்ளுகிற வேலையை லோனப்பனே எடுத்துக்கொண்டார்.

காலையிலேயே மெயினை ஆஃப் செய்தாயிற்று. ஃபேன் இல்லாமல் பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனாலும் லோனப்பன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. அன்றுதான் ஒரு விஷயத்துக்கு ஒத்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் பொறிஞ்சுவை நிச்சயத்துக்கு அழைப்பது.

ஒரே வீட்டின் நடுவே சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. பழைய மீட்டர் அண்ணன் பக்கம் போயிற்று. லோனப்பன் தனியாக கனெக்‌ஷன் வாங்கிக்கொண்டார். அவர்களைப் பெற்ற அம்மச்சி சாகும்வரை கும்பிட்ட இயேசுவின் திரு இருதயப் படம் தம்பி பக்கம் வந்தது. தினமும் மாலை ஜெபமாலை முடிந்ததும், அந்தப் படத்தின் முன் நின்று, என் அண்ணனுக்கு நல்ல புத்தி கொடும் ஆண்டவரே என்று வேண்டிக்கொள்வார். நடுச்சுவரைத் தாண்டிக் கேட்கிற மாதிரி.

பெரியப்பா இல்லாமல் பெண்ணுக்கு நிச்சயமா என்று மனைவி ரோசிலி விடாமல் கேட்டதில், சாயந்தரம் போய்க் கூப்பிடுகிறேன் என்று இன்றைக்குத்தான் வாய் திறந்தார்.

அதற்குள் இந்த ஐந்தாவது வயர்.

மற்ற நான்கும் கறுத்துப்போய், தொட்டால் மேல்தோல் உதிர்ந்தது. இது பளபளவென்று புதிதாக இருந்தது. சுகுணன் அதைத் தொட்டுத் தொட்டுத் தொடர்ந்து போனான். ஒரு முனை நடுச்சுவருக்குள், பொறிஞ்சுவின் பக்கம் போயிற்று. டெஸ்டரை வைத்தான். மினுக்கென்று எரிந்தது.

"இதிலே கரண்ட் இருக்கு, லோனப்பன் சேட்டா."

"இருக்காம என்ன? நம்ம கரண்ட்டைத்தான் அங்கே இழுத்துக்கிட்டிருக்கான்."

லோனப்பன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். போன வருஷம் அண்ணன் வீட்டில் வயரிங் மாற்றினார்கள். அப்போதுதான் போட்டிருக்கிறான். கூடப் பிறந்தவன்.

சுகுணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். காதில் விழவில்லை. லோனப்பன் எழுந்து போய் நடுச்சுவரில் ஓங்கிக் குத்தினார். அந்தப் பக்கம் ரேடியோ நின்றது.

அடுத்த வீட்டு ரப்பாயி வேலிக்கு மேல் தலையை நீட்டினார். "என்ன லோனப்பா, சுவத்துக்குள்ள புதையலா?"

"பெருச்சாளி. ரெண்டு கால் பெருச்சாளி."

சுகுணனிடமிருந்து கட்டிங் பிளேயரை வாங்கிக்கொண்டு லோனப்பன் ஸ்டூலில் ஏறினார். ஈரக் கையோடு சமையல்கட்டிலிருந்து ரோசிலி ஓடி வந்தாள்.

"அதை வெட்டாதீங்க."

"ஏன், உன் அப்பன் வீட்டுச் சீதனமா?"

"வெட்டாதீங்கன்னா வெட்டாதீங்க."

திருடனுக்குப் பரிந்து பேசுகிறவளை அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பிளேயர் பிடித்த கையைப் படத்தின் பக்கம் உயர்த்தினார்.

"கேட்டுக்கோ ரோசிலி. இந்தத் திரு இருதயம் சாட்சியா சொல்றேன். என் உசிரு இருக்கிற வரைக்கும் அவன் இந்த வீட்டுப் படி..."

பேச்சு நின்றது. தூக்கிய கையும் அப்படியே நின்றது.

வீடு முழுக்க கரண்ட் இல்லை. படத்தின் கீழே, அம்மச்சி காலத்திலிருந்து அணையாத சிவப்பு பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

சுகுணன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "இதைத்தான் சொல்ல வந்தேன். இங்கேருந்து அங்கே போகலை, லோனப்பன் சேட்டா. அங்கேருந்து இங்கே வருது."

ரோசிலி சொன்னாள். "அந்த பல்பு அணையக் கூடாதுன்னு அம்மச்சி கடைசியா உங்க அண்ணன்கிட்டதான் சொன்னாங்க. நீங்க அப்ப பாகம் பிரிக்க வக்கீல் வீட்டுல இருந்தீங்க."

லோனப்பன் ஸ்டூலிலிருந்து இறங்கினார். பிளேயரை சுகுணன் கையில் கொடுத்தார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தான்கள் ஏறி இறங்கி மாட்டிக்கொண்டன. அண்ணனைக் கூப்பிடச் சாயந்தரம் வரை காத்திருக்கப்போவதில்லை என்று ரோசிலிக்குப் புரிந்தது.

வாசல் வரை போனவர் நின்றார்.

"சுகுணா, இது ஒத்தை ஆள் வேலை இல்லேன்னியே. அப்ப அண்ணன் மட்டும் எப்படி இந்த வயரை விட்டார்?"

ரோசிலி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க சிலுவையைத் தூக்கிக்கிட்டு மலையாற்றூர் மலைக் கோயிலுக்குப் போயிருந்தீங்களே, அன்னைக்குத்தான். அந்தப் பக்கத்திலேருந்து அவர் தள்ளினார். இந்தப் பக்கம் இழுத்தது நான்."