சப்பாத்தில் ஒட்டிய புல்

சீனாவின் பழைய மதில் நகரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சுதாஜினியும் கணவன் மதிசுதனும் மங்கோலியாவின் புல்வெளியில் ஒரு மேய்ப்பர் குடும்பத்தின் கூடாரத்தில் மூன்று நாள் தங்கினார்கள். புறப்படும்போது சுதாஜினி, ஊரில் விடைபெறும் பழக்கத்தில், "போட்டு வாறன்" என்றாள். வீட்டுக்காரி விளங்கியவள்போலத் தலையாட்டி, வழியனுப்பும் தங்கள் வழக்கப்படி அவர்கள் போகும் திசையில் பால் தெளித்தாள்.

லாசாலில் உள்ள தங்கள் வீட்டுக்குத் திரும்பி நாலு மாதம். வெளியே முழங்காலளவு பனி. ஒவ்வொரு காலையும் சுதாஜினியின் சப்பாத்தில் பச்சைப் புல் ஒட்டியிருக்கிறது.

"விடிய எங்கையப்பா போனனீர்?" என்று மதிசுதன் கேட்டான்.

"நான் எழும்பவேயில்லையே."

மதிசுதன் சப்பாத்துகளை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினான். மறுநாளும் புல் இருந்தது, பனித்துளியோடு.

இன்று வேலைக்குப் புறப்பட்டவள் வாசலில் நின்று, "போறன்" என்றாள்.

கலியாணமாகிப் பதினாறு வருடத்தில், "வாறன்" என்று சொல்லாமல் அவள் படியிறங்கியது இன்றுதான்.