செவ்வாக்கெழம ரயிலு

கையெழுத்துப் போடத் தெரியாதவ ரயில்வேக்குப் புகாரு எழுதுனாளான்னு சிரிக்காத அத்தாயி. நெசமாத்தான். கேளு.

செவ்வாக்கெழமையானா முட்டி வலிக்குக் கரண்டு வெக்க நான் சேலம் ஆசுபத்திரிக்குப் போறனில்ல? அங்க ஒம்பதரைக்குள்ள டோக்கன் வாங்கோணும். இல்லீன்னா அடுத்த வாரம் வாங்கன்னு தொரத்திப்போடுவாங்க.

எப்பவும் நம்ம மலை பஸ்ஸுல எறங்கித்தான் ரயிலைப் புடிப்பேன். எழுவது வளைவுக்கும் எனக்கு வாந்தி. டிரைவர் செல்வம் தங்கமான பையன், கேட்ட எடத்துல நிறுத்துவான். அவங்கூட்டு நாய் ஒன்னு இருக்குது பாரு, அது பஸ் ஆரன் சத்தத்துக்கு... செரி, அது கெடக்குது.

போன வாரம் மொத நாளே அடிவாரத்துல எம்மவ தேன்மொழி ஊட்டுல தங்கிட்டேன். காலையில மருமவன் வண்டியில கொண்டாந்து உட்டு, டிக்கெட்டும் அவரே வாங்கியாந்து குடுத்துட்டாரு. ரயிலு வந்ததும் மொத ஆளா ஏறி ஜன்னலோரம் உக்காந்தேன்.

அது குட்டி ஸ்டேஷன். ஒரு பெஞ்சு, ஒரு புளியமரம், டிக்கெட்டு குடுக்கற செல்லமுத்து. ரயிலு ஒரு நிமிசந்தான் நிக்கும். மலை பஸ் வந்துச்சு. சனம் ஏறுச்சு. ரயிலு கெளம்பல. அதுக்குள்ள என்ற முட்டிக் கதைய பெட்டி பூரா சொல்லி முடிச்சுட்டேன்.

எட்டிப் பார்த்தா, கடைசிப் பெட்டிகிட்ட செல்லமுத்து, கொடி காட்டற கார்டுகூட வாய் வளத்துட்டு நிக்கறான்.

எதுத்தாப்புல ஒரு காலேஜு புள்ள, சண்முகப்பிரியா. "செவ்வாக்கெழமையானா இவரு இப்படித்தானுங்க அம்மாயி. போன வாரம் கார்டுக்குப் பலாச்சொளை உரிச்சுக் குடுத்துட்டு இருந்தாருங்க."

"அப்புடியா சங்கதி? எழுது புள்ள ஒரு புகாரு. போன்லயே எழுதலாமாமில்ல? இவன் வேலையே போவோணும்."

எழுதுனா. நாந்தான் சொல்லச் சொல்ல. 'அடுத்தவங்க நேரத்தோட அரும தெரியாதவன்.'

"சூப்பருங்க அம்மாயி"ன்னாங்க பெட்டி சனம்.

"அனுப்பட்டுங்களா?"

"இரு. 'ஊருக்கே எடஞ்சல்'னு ஒரு வரி சேர்த்துக்க."

அப்பத்தான் கார்டு கத்துனாரு. அவருக்கு மைக்கு மாதிரி தொண்டை. "பஸ்ஸே காலியாயிருச்சு. இன்னும் ஆருய்யா வரோணும்?"

செல்லமுத்து கெஞ்சறான். "ஒரே நிமிசமுங்க. ஒரு அம்மாயி இன்னம் வரலீங்க. செவ்வாக்கெழமையானா செருப்பைக் கையில புடிச்சுட்டு கடைசியா ஓடியாருமுங்க. முட்டி வலிங்க, பாவம். இந்த ரயிலை உட்டா டோக்கன் கெடைக்காதுங்க. வழியில வாந்தி எடுக்க எறங்குச்சோ என்னமோ."

அத்தன பேரும் என்ற முட்டியப் பாக்கறாங்க. நான் சீலைய இழுத்து மூடிக்கிட்டேன்.

"அம்மாயி... அனுப்பட்டுங்களா, வேண்டாங்களா?"

"போனை அமத்திப் போடு சாமி."

ஆனா ரயிலு கெளம்போணுமில்ல? வேற வழி? தலைய வெளிய நீட்டி, "ஏனுங்க தம்பி, அந்த அம்மாயி நேரமே வந்துட்டாளுங்க. போலாம்னு சொல்லுங்க"ன்னேன்.

செல்லமுத்து இடுப்புல கைய வெச்சுட்டு என்னைப் பார்த்தான். "நேரமே வர்றதுன்னா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா? பாருங்க, உங்களால ரயிலு லேட்டு."

அட, தூறல் உழுவுது. ஏ மணிமேகல, வாசல்ல காயற மொளகை வாரி உள்ள கொண்டா.