பூசணி ரொட்டி

"அந்தப் பெரிசைத் தண்ணியில விட்டுடுடி," என்றாள் லுவான்.

வெர்னா காதில் விழாதது போல மூடியைத் திறந்து மறுபடி பார்த்தாள். படகின் நடுவே இருந்த தண்ணீர்த் தொட்டியில் ஐந்து பாஸ் மீன்கள். நான்கு சுமார் ரகம். ஐந்தாவது வாயைத் திறந்தால் ஒரு முழு முஷ்டி உள்ளே போகும்.

"வெயில் தலைக்கு ஏறிடுச்சா உனக்கு? இத்தனை வருஷமா போட்டிக்கு வர்றோம். ஒரு தடவையாவது ஜெயிச்சிருக்கோமா?"

"ரெண்டாவது வந்தா போதாதா?"

"பாய்ட் முன்னாடி ரெண்டாவதா? நான் நீந்தியே வீட்டுக்குப் போயிடுவேன்."

வருடா வருடம் கோப்பை பாய்டுக்குத்தான். எடை போடும் மேடையில் நின்றுகொண்டு, "என்ன தாய்க்குலமே, இந்த வருஷம் ஊர்வம்பு எத்தனை பவுண்டு தேறுச்சு?" என்று கேட்பான். கூட்டம் சிரிக்கும். வெர்னாவும் சிரித்து வைப்பாள். வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவும்போதுதான் அந்தச் சிரிப்பு அவளுக்குக் கசக்கும்.

லுவான் தூண்டில் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "ஜெயிச்சா மெஷின்ல உட்காரணுமாமே."

விஷயம் இதுதானா? போன வருடம் பக்கத்து ஏரியில் எவனோ எடை கூட்ட மீன் வயிற்றில் ஈயக்குண்டைத் திணித்து மாட்டிக்கொண்டான். அதிலிருந்து எல்லா ஏரியிலும் ஜெயிப்பவர்களைப் பொய் கண்டுபிடிக்கும் மெஷினில் உட்கார வைக்கிறார்கள். இரண்டாவதாக வருபவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை.

"உட்கார்ந்தா என்ன? நாம திருடினோமா?"

லுவான் மறுபடி கயிற்றைச் சுற்றத் தொடங்கினாள். இவளும் ஈயத்தைத் திணித்திருப்பாளோ என்று வெர்னாவுக்குத் தோன்றியது. மீனைத் தடவிக் கொடுப்பது போலத் தொட்டிக்குள் கையை விட்டு, பெரியதன் வயிற்றை அழுத்திப் பார்த்தாள். மெத்தென்றுதான் இருந்தது. உடனே வெட்கமாகிவிட்டது. எனக்கு விவாகரத்தான வருடம் முழுக்க என் வீட்டுச் சோபாவில் படுத்துத் துணையிருந்தவள் இவள். இவளைச் சந்தேகப்பட்டு ஒரு மீனின் வயிற்றை அமுக்குகிறேனே.

"எந்த மெஷினா இருந்தாலும் பார்த்துக்கலாம்," என்று மூடியைச் சாத்தினாள்.

"சரி, உனக்குன்னு செஞ்ச பூசணி ரொட்டி எப்படி இருந்துச்சு?" சர்க்கரை வியாதிக்காரி லுவான் அதைத் தொடுவதில்லை. ஒவ்வொரு போட்டியன்றும் விடிகாலையில் வெர்னாவின் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்துவிடுவாள்.

"வழக்கம் போலத்தான். தீர்ந்துடுச்சு."

கரையில் பாய்ட் காலிப் பையோடு உட்கார்ந்திருந்தான். தாய்க்குலத்தை விசாரிக்கவில்லை. "ஒரு மீன்கூடக் கடிக்கல," என்றான் பொதுவாக, தாடியிலிருந்து எதையோ தட்டிவிட்டபடி. "என் ஆயுசுல இப்படி ஒரு நாள் இல்ல."

"படகுல வாழைப்பழம் ஏத்தினியா?" என்றான் ஒருவன்.

"என்னைப் பார்த்தா பைத்தியம் மாதிரி இருக்கா?"

வாழைப்பழம் ஏறின படகை மீன் அண்டாது என்பது அந்த ஏரியில் பச்சைக்குழந்தைக்கும் தெரியும். லுவானின் வெயில் களிம்புக் குப்பியில் வாழைப்பழப் படம் இருந்ததென்று வெர்னா ஒருமுறை பாதி ஏரியிலிருந்து படகைத் திருப்பியிருக்கிறாள்.

எடை போட்டார்கள். வெர்னாவும் லுவானும்தான் முதல்.

படகுக் கொட்டகையில் மெஷினோடு ரஸ்ஸல் காத்திருந்தார். ஓய்வு பெற்ற போலீஸ்காரர். வேடிக்கை பார்க்க எல்லோரும் நுழைந்துவிட்டார்கள். முதலில் லுவானின் விரல்களில் கம்பியை மாட்டினார்.

"இன்னைக்கு யாரையாவது ஏமாத்தினீங்களா?"

"இல்ல."

முள் காகிதத்தில் மேலும் கீழும் துள்ளியது. ரஸ்ஸல் கண்ணாடியைக் கழற்றினார். "நினைச்சேன்," என்றான் பாய்ட்.

"மீன்ல இல்ல ரஸ்ஸல்," என்றாள் லுவான். "ரொட்டியில. அது பூசணி ரொட்டி இல்ல. வாழைப்பழ ரொட்டி."

ஒருவன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

"முதல் தடவை செஞ்சப்ப வீட்டுல பூசணி இல்ல. இவ படகுச் சட்டம்தான் தெரியுமே, அதனால பூசணின்னு சொல்லிட்டேன். 'இந்த மாதிரி ரொட்டி நான் தின்னதே இல்ல'ன்னா. அப்புறம் எப்படி மாத்துறது? பட்டைப் பொடியைக் கொட்டி வாசனையை மறைச்சே கொடுத்துட்டிருக்கேன்."

அந்த வார்த்தையைச் சொன்னது வெர்னாவுக்கு நினைவிருந்தது. எதற்காகச் சொன்னோம் என்பதும்.

"ஆனா பாருடி, இன்னைக்கும்தான் கொடுத்தேன். ஜெயிச்சோம்ல?" லுவான் மூக்கை உறிஞ்சினாள். "எல்லாம் சும்மா மூடநம்பிக்கை."

"விதியில ரொட்டியைப் பத்தி ஒண்ணும் இல்ல," என்றார் ரஸ்ஸல். கம்பி வெர்னாவின் விரல்களுக்கு மாறியது. "மத்தவங்களுக்கு மீன் கிடைக்கக் கூடாதுன்னு இன்னைக்கு ஏதாவது செஞ்சீங்களா?"

வெர்னா லுவானைப் பார்த்தாள். பிறகு பாய்டின் தாடியில் இன்னும் ஒட்டியிருந்த பழுப்புத் துகளைப் பார்த்தாள்.

"எனக்கு அந்த ரொட்டி பிடிக்கவே பிடிக்காது, ரஸ்ஸல். எப்பவும் வாத்துக்குத்தான் போடுவேன். இன்னைக்கு வாத்து ஒண்ணையும் காணோம்னு விடிகாலையில பாய்ட் படகுல வெச்சேன். சத்தியமா அப்ப அதைப் பூசணி ரொட்டின்னுதான் நினைச்சேன்."

முள் துளிக்கூட ஆடவில்லை.