புழுதிக்கு வழி விட்டது

கப்பல்துறையில் கண்டி வீதியிலிருந்து உள்ளே பிரியும் சரளை மண் பரப்பிய புதிய கிரவல் வீதியைப் பரிசோதிக்க நிரோஜினி வந்திருந்தாள். சாரதி இன்பாஸ் ஒரே வேகத்தில் ஓட்டுவார். அவள் பக்கக் கண்ணாடியில் பார்த்து, பின்னால் எழும்பும் புழுதிக்கு ஏற்ப வீதிக்குப் புள்ளி போடுவாள். வேலை அவ்வளவுதான்.

அன்று புழுதி இரண்டாக எழும்பியது. ஒன்று அவர்களுடையது. மற்றது சற்றுத் தள்ளி, நெருங்கி வந்துகொண்டிருந்தது.

“பின்னால ஆரோ அவசரமா வாறான் மிஸ். விட்டிருவமா?”

“ஓம் நானா, விடுங்கோ. அவன்ர புழுதிக்குள்ள எங்கட புழுதியைப் பாக்க ஏலாது.”

இன்பாஸ் ஓரங்கட்டினார். புழுதி யன்னலை உரசிக்கொண்டு கடந்து போனது. அதற்குள் வாகனம் இல்லை. இரைச்சலும் இல்லை. முன்னால் ஒரு வீட்டு முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண், அதைக் கண்டதும் கொடியில் இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

இன்பாஸ் வாய்க்குள் ஏதோ ஓதியபடி வாகனத்தை எடுத்தார். பழைய வேகம் வந்ததும் நிரோஜினி பழக்கத்தில் கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் வீதி கழுவிவிட்டதுபோலக் கிடந்தது. மருந்துக்கும் புழுதி இல்லை.

“நானா, இன்னும் வேகமா ஓடுங்கோ.”

“இதுக்கு மேல மிதிக்க ஏலாது மிஸ்.”

அந்தப் பெண் மறுபடி முற்றத்துக்கு வந்திருந்தாள். அவள் வீட்டை நெருங்கும்போது இன்பாஸ் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவேயில்லை. அவள் வீதியை இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை என்று கண்டு, ஈரத் துணிகளை ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போடத் தொடங்கினாள்.